வேலைக் கோப்புகளை எங்கே வைப்பது: /ஹோமா, /எஸ்ஆர்வியா, /டேட்டாவா?

பழைய டெஸ்க்டாப் ஒன்றில் டெபியன் என்ற லினக்ஸ் போட்டு, விண்டோஸ் கணினிகளோடு கோப்புகளைப் பகிர உதவும் சாம்பாவை நிறுவி, ஆபீஸ் முழுவதற்கும் ஒரு கோப்பு சர்வர் ஆக்குவது இப்போது ஒரு மதிய வேலை. புதுச்சேரியிலும் கடலூரிலும் அச்சகம், ஸ்டுடியோ, ஆடிட்டர் ஆபீஸ் நடத்துகிற பலர் இதைச் செய்கிறார்கள். ஆனால் வேலைக் கோப்புகளை எந்த டைரக்டரியில் வைப்பது என்று நிறுவும்போது யாரும் கேட்பதில்லை. விண்டோஸில் "டி டிரைவில் போடுப்பா" என்றால் முடிந்தது. இங்கே டி டிரைவ் கிடையாது; ரூட் என்ற வேரிலிருந்து கிளம்பும் ஒரே மரம். அதில் எந்தக் கிளை என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால், முதலில் லாகின் செய்தவருடைய ஹோம் டைரக்டரியில், அதாவது /ஹோமுக்குள் அவர் பெயரில் இருக்கும் தனி ஃபோல்டரில், எல்லாம் குவிந்துவிடும்.

பேச வசதியாக, நெல்லித்தோப்புப் பக்கம் ஒரு அச்சகம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கம்ப்யூட்டர், நான்கு டிசைனர், கவுன்ட்டரில் ஒருவர். திருமணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பில் புக், மாசி மகத்துக்கு பேனர் என்று தினமும் இருபது முப்பது வேலை வரும். பாதைகளை நாம் வாயால் சொல்கிற மாதிரியே எழுதுகிறேன்: எஸ்ஆர்வி, யூஎஸ்ஆர், இடிசி.

மரத்தில் எந்த இடம் என்பதும் எந்த டிஸ்க் என்பதும் இரண்டு தனித்தனி முடிவுகள். ஏனாம் கோதாவரிக் கரையில் ஆந்திராவுக்கு நடுவில் இருக்கிறது, மாஹே கேரளக் கடற்கரையில். ஆனால் நிர்வாகத்தில் இரண்டும் புதுச்சேரி. ஒரு டிஸ்க்கை மரத்தின் ஒரு கிளையில் பொருத்துகிற மவுன்ட் என்பதும் அப்படித்தான். /எஸ்ஆர்வி என்ற பெயர் ரூட்டுக்குக் கீழே இருக்கும். அதில் உள்ள கோப்புகள் வேறொரு நான்கு டெராபைட் டிஸ்க்கில் இருக்கும். அதனால் "ரூட் டிஸ்க்கில் இடம் இல்லை, அதனால்தான் /ஹோமில் வைத்தேன்" என்பது காரணமே ஆகாது.

முக்கால்வாசி மரம் ஏற்கெனவே முடிவு செய்யப்பட்டது. லினக்ஸ் டைரக்டரி அமைப்புக்கான பொதுத் தரம் 1994 பிப்ரவரியில் எஃப்எஸ்எஸ்டிஎன்டி என்ற பெயரில் வந்தது. பிறகு எஃப்ஹெச்எஸ் ஆனது. 2004-இல் வந்த 2.3 பதிப்பில்தான் /எஸ்ஆர்வி சேர்ந்தது. 2015 ஜூனில் 3.0 வந்தது. ஆரம்ப கால யூனிக்ஸில் பயனர்களின் ஹோம் டைரக்டரிகள் /யூஎஸ்ஆருக்குள் இருந்தன. இன்று அங்கே நிரல்கள்தான் இருக்கின்றன. டெபியன் 12-இலிருந்து /பின், /லிப் எல்லாம் /யூஎஸ்ஆருக்குள் சுட்டும் வெறும் சிம்லிங்க்குகள் (குறுக்குவழிகள்). ஆக, இந்தப் பகுதியில் நாம் கை வைக்க வேண்டியதே இல்லை.

எஃப்ஹெச்எஸ் கோப்புகளை இரண்டு விதமாகப் பிரிக்கிறது: பல கணினிகள் பகிரக்கூடியதா இல்லையா, மாறுவதா மாறாததா. நல்ல பிரிவுதான். ஆனால் சின்ன ஆபீஸுக்கு இதைவிட உதவுகிற கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த டைரக்டரி நாளைக்குக் காணாமல் போனால் எங்கிருந்து திரும்ப வரும்? /யூஎஸ்ஆர் போனால், டெபியனில் மென்பொருளை நிறுவித் தரும் ஏபிடி கொண்டுவந்துவிடும். அமைப்புக் கோப்புகள் இருக்கும் /இடிசி சின்னது, ஆனால் அதில் நம் கைவேலை இருக்கிறது, நகல் வேண்டும். நிரல்கள் ஓடும்போது எழுதிவைக்கும் /வார் ஒரு கலவை: /வார்/கேஷ் குப்பைக்குப் போகலாம், /வார்/லிப்பில் இருக்கும் டேட்டாபேஸ் போனால் தலையில் கை வைக்க வேண்டியதுதான். திருமணப் பத்திரிகை வடிவமைப்பை இணையத்திலிருந்து யாரும் திருப்பித் தர மாட்டார்கள். எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும், "திரும்ப வராதது" எல்லாம் ஒரே கிளைக்குள் இருக்க வேண்டும். நான் இடங்களை எடைபோடுவது இந்தத் தராசில்தான்.

/ஹோமில் வைத்தால்

/ஹோமுக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்த இடம். நிறுவும்போதே தனிப் பார்ட்டிஷனாகப் பிரித்துக்கொள்ளலாம், மறுபடி ஓஎஸ் போடும்போது அதை அழிக்காமல் விடலாம். ஒரே ஆள் வேலை செய்கிற இடமாக இருந்தால் இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம், /ஹோமில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

ஆள் இரண்டானதும் சிக்கல் தொடங்கும். ஹோம் டைரக்டரி ஓர் ஆளுடையது. உபுண்டு 21.04-இலிருந்து புது ஹோம் டைரக்டரிக்கு 750 அனுமதிதான். வெளியாள் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. உடனே யாராவது 777 (யாரும் படிக்கலாம், எழுதலாம்) போடுவார்கள். அன்றிலிருந்து அந்த ஆளுடைய எஸ்எஸ்ஹெச் சாவி, பிரவுசர் கடவுச்சொல், பத்திரிகை வடிவமைப்பு எல்லாம் ஒரே திறந்த வீட்டில். இன்னொன்று, சிஸ்டம்டி என்ற நிரல் இயக்கும் பல பின்னணிச் சேவைகளில் 'புரொடெக்ட்ஹோம்' என்ற அமைப்பு இயக்கப்பட்டிருக்கும். அந்தச் சேவைக்கு /ஹோம் காலியாகத் தெரியும். கோப்பு கண்ணெதிரே இருக்கும், நிரல் மட்டும் இல்லவே இல்லை என்று சாதிக்கும்.

பெரிய ஆபத்து ஆள் வேலையை விட்டுப் போகும் நாளில் வரும். கணக்கை நீக்க யூசர்டெல் கட்டளையோடு '-ஆர்' சேர்த்து அடித்தால் ஹோம் டைரக்டரியும் சேர்ந்து போய்விடும். அது தவறு இல்லை, அந்தக் கட்டளையின் வேலையே அதுதான். ஆனால் மூன்று வருஷத்து கோயில் நோட்டீஸ்கள் அந்த டிசைனர் பெயருக்குக் கீழே இருந்தால்? ஆபீஸ் சொத்தை ஆளின் பெயருக்குக் கீழே வைப்பதை நான் ஒத்துக்கொள்ளாததற்கு இதுவே போதும்.

'அச்சகம்' என்று ஒரு பொய்ப் பயனரை உருவாக்கி /ஹோம்/அச்சகம் என்று வைக்கிறவர்களும் உண்டு. அது ஓடும். ஆனால் சர்வரைப் பார்க்க வரும் அடுத்த ஆள், இது யாரோ ஒருவர் என்று நினைப்பார்.

/எஸ்ஆர்வியும் /டேட்டாவும்

போட்டி உண்மையில் இவை இரண்டுக்கும் நடுவில்தான். /எஸ்ஆர்வி என்பது இந்தக் கணினி மற்றவர்களுக்கு வழங்கும் தரவுக்கான இடம் என்று தரமே சொல்கிறது. உள்ளே எப்படி அடுக்குவது என்பதை நம்மிடமே விட்டுவிடுகிறது. எந்த நிரலும் அதற்குள் ஒரு குறிப்பிட்ட அமைப்பு இருப்பதாக நம்பி இயங்கக் கூடாது என்பது விதி. டெபியனில் அது காலியாகவே வரும். அப்கிரேடு செய்யும்போது யாரும் அங்கே கை வைப்பதில்லை. சாம்பா பங்குக்கு, அதாவது மற்ற கணினிகளுக்குத் திறந்துவிடும் ஃபோல்டருக்கு, இதைவிடப் பொருத்தமான முகவரி கிடையாது.

குறை என்னவென்றால், அதை யாருக்கும் தெரியாது. புதிதாக வருகிற ஆள் /ஹோமில் தேடுவார், /வாரில் தேடுவார், /எஸ்ஆர்வியைத் திறக்கவே மாட்டார். டெபியனின் அப்பாச்சி வெப் சர்வர்கூட இணையதளத்தை /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூவில்தான் வைக்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. சர்வரிலேயே யாராவது டெஸ்க்டாப் வைத்து வேலை செய்தால், ஸ்னாப் முறையில் நிறுவிய செயலிகளுக்கு வழக்கமாகக் கிடைப்பது பயனரின் ஹோம் டைரக்டரி மட்டும். /எஸ்ஆர்வியில் உள்ள கோப்பை நேராகத் திறக்க மறுக்கலாம். சர்வரை சர்வராகவே வைத்திருந்தால் இந்தப் பிரச்சினை வராது.

/டேட்டா என்று ரூட்டிலேயே புதிதாக ஒரு டைரக்டரி உருவாக்குவதை "தரத்துக்கு எதிரானது" என்று சிலர் கடிந்துகொள்வார்கள். அது கொஞ்சம் மிகை. ரூட்டில் நிரல்கள் தாமாக டைரக்டரி உருவாக்கக் கூடாது என்றுதான் தரம் சொல்கிறது. கணினியை நிர்வகிக்கிற நீங்கள் உருவாக்கினால் யாரும் வந்து பிடிக்கப் போவதில்லை. பெயர் சின்னது, பார்த்ததும் புரியும், தொலைபேசியில் சொல்வது சுலபம். "/டேட்டாவுக்குள்ள பாருங்க தம்பி" என்றால் போதும். எஸ்ஆர்வி என்றால் மூன்று எழுத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்.

டெபியனில் இரண்டுக்கும் நடைமுறையில் வித்தியாசம் இல்லை. ரெட் ஹேட் குடும்பத்தில், அதாவது ஃபெடோரா, ராக்கி, ஆல்மா போன்றவற்றில் வித்தியாசம் இருக்கிறது. அங்கே எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு, ரூட்டில் புதிதாக உருவாக்கிய டைரக்டரிக்கு 'டிஃபால்ட்_டி' என்ற லேபிளை ஒட்டும். கட்டுப்படுத்தப்பட்ட சேவைகள் அதைத் தொடாது. அனுமதி எல்லாம் சரியாக இருந்தும் வெப் சர்வர் 'தடை' என்று சொன்னால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். சாம்பாவுக்கு எந்த இடமானாலும் லேபிள் மாற்ற வேண்டியிருக்கும், அதனால் அச்சகத்தைப் பொறுத்தவரை இது பெரிய கணக்கு இல்லை.

என் முடிவு /எஸ்ஆர்வி. தரத்தின் மீதுள்ள பக்தியால் இல்லை. ஐந்து வருஷம் கழித்து வேறு யாரோ வந்து பார்க்கும்போது, அந்தப் பெயருக்கான விளக்கம் மேன் பேஜிலேயே (லினக்ஸோடு வரும் கையேடு) இருக்கும். 'ஹையர்' என்ற பக்கத்தைத் திறந்தால் போதும். /டேட்டாவுக்கு விளக்கம் உங்கள் மண்டைக்குள் மட்டும்தான். ஆனால் உங்கள் சர்வரில் ஏற்கெனவே /டேட்டா ஓடிக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு மாற்ற வேண்டாம். அவ்வளவு லாபம் இதில் இல்லை.

மற்ற இடங்கள்

/ஆப்ட், /யூஎஸ்ஆர்/லோக்கல் இரண்டும் மென்பொருளுக்கானவை. பெட்டியாக வரும் அச்சு மென்பொருள் முன்னதில், நீங்கள் எழுதிய பேக்கப் ஸ்கிரிப்ட் பின்னதில். ஃப்ரீபிஎஸ்டியில் நிறுவும் எல்லாத் தொகுப்புகளும் /யூஎஸ்ஆர்/லோக்கலுக்குத்தான் போகும் என்பதால் அங்கே கணக்கே வேறு. கடையில் வாங்கும் நாஸ் (நெட்வொர்க் சேமிப்பு) பெட்டிகளும் தங்கள் இடத்தைத் தாங்களே முடிவு செய்துவிடும். அதோடு சண்டை போட வேண்டாம்.

தற்காலிகக் கோப்புகளுக்கான /டிஎம்பியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. "கொஞ்ச நேரத்துக்குத்தானே" என்று ஸ்கேன் செய்த படங்களை அங்கே போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். டெபியன் 13-இல் அது ரேமில் இருக்கிறது. கரன்ட் போனால் போனதுதான். புதிதாக நிறுவிய கணினியில், பத்து நாள் தொடாமல் கிடக்கும் கோப்பும் தானாக நீக்கப்படும். ஸ்கேனருக்கென்று /எஸ்ஆர்விக்குள்ளேயே ஒரு 'வரவு' ஃபோல்டர் வைத்துவிடுங்கள்.

/எம்என்டி தற்காலிகமாக மவுன்ட் செய்ய. இரண்டாவது டிஸ்க்கை முதல் நாள் அங்கே மவுன்ட் செய்து பார்த்துவிட்டு அப்படியே நிரந்தரமாக விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். ஓடும்தான். ஆனால் எந்த மவுன்ட் புள்ளிக்கும் பொருந்துகிற ஒரு விஷயம் இங்கே வருகிறது. டிஸ்க் மவுன்ட் ஆகவில்லை என்றாலும் அந்தப் பெயரில் காலி டைரக்டரி ஒன்று ரூட் டிஸ்க்கில் இருக்கத்தான் செய்யும். பேக்கப் டிஸ்க்கின் யூஎஸ்பி கேபிள் லூஸாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் ஓடும், பிழை எதுவும் சொல்லாது, முந்நூறு ஜிபியை அந்தக் காலி டைரக்டரிக்குள் கொட்டத் தொடங்கும், ரூட் நிரம்பும். காலையில் கவுன்ட்டரில் பிரின்ட் போகாது, லாகின்கூட தடுமாறும். இதற்கு மருந்து சின்னதுதான்: டிஸ்க்கை மவுன்ட் செய்வதற்கு முன்பே, அந்தக் காலி டைரக்டரி மீது 'சிஹெச்அட்டர் +ஐ' போட்டுவிடுங்கள். பிறகு எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனரால்கூட அதற்குள் எழுத முடியாது. டிஸ்க் மவுன்ட் ஆனதும் மேலே உட்காருவது டிஸ்க்கின் டைரக்டரி, அதில் எழுதத் தடை இல்லை. பேக்கப் ஸ்கிரிப்ட் தொடக்கத்தில் 'மவுன்ட்பாயின்ட்' கட்டளையால் ஒரு முறை சோதித்துக்கொள்வதும் நல்லது.

உள்ளே எப்படி அடுக்குவது

தினமும் கை படுவது இங்கேதான், அதனால் மேலே சொன்னதைவிட இதற்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டும். மூன்று வழி: வகைப்படி (பத்திரிகை, போஸ்டர், பில் புக்), வாடிக்கையாளர்படி, வருஷப்படி.

வகைப்படி பிரிப்பது முதல் வாரம் அழகாக இருக்கும். பிறகு ஒரே கல்யாணத்துக்குப் பத்திரிகை, வரவேற்பு பேனர், தாம்பூலப் பை மூன்றும் வரும். மணமக்கள் படம் மூன்று இடத்தில் மூன்று பிரதியாகக் கிடக்கும், திருத்தம் ஒன்றில் மட்டும் நடந்திருக்கும். இதை விட்டுவிடலாம்.

வாடிக்கையாளர்படி பிரிப்பது பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் நன்றாகப் பொருந்தும். "அண்ணே, போன வருஷம் நமக்கு அடிச்ச நோட்டீஸை எடுங்க, தேதி மட்டும் மாத்தணும்" என்று கவுன்ட்டரில் வந்து நிற்கிறவருக்கு அது ஒரு நொடியில் கிடைக்கும். ஆனால் கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர் பெரும்பாலும் ஒரு முறைதான் வருவார். ஆயிரம் ஃபோல்டர், ஒவ்வொன்றிலும் ஒரே வேலை. அதிலும் செந்தில்குமார் எத்தனை பேர்!

நான் சொல்வது: வருஷம், அதற்குள் பில் எண். /எஸ்ஆர்வி/வேலை/2025/0412-செந்தில்-பத்திரிகை. பில் எண்ணை எப்படியும் யாரோ எழுதுகிறார்கள். அதுவே ஃபோல்டரின் பெயரானால் புதிதாக எதையும் யோசிக்க வேண்டாம். எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் இருந்தால் வரிசையும் கலையாது. பில் எண்கள் ஏப்ரலில் புதிதாகத் தொடங்கினால் வருஷமும் 2025-26 என்று நிதியாண்டாக இருக்கட்டும். இல்லையென்றால் ஒரே ஃபோல்டருக்குள் இரண்டு 0001 வந்துவிடும். நிரந்தர வாடிக்கையாளர்களுக்கு மட்டும் 'வாடிக்கை' என்று தனியாக ஒரு டைரக்டரி: அதில் லோகோ, முத்திரை, பழைய வேலைகளைச் சுட்டும் சிம்லிங்க்குகள். பங்குக்குள்ளேயே சுட்டும் சிம்லிங்க்குகளை சாம்பா இயல்பாகவே பின்தொடரும். வெளியே சுட்டினால் மறுக்கும்.

முடிந்த வருஷத்தை முழுவதுமாக ரீட்-ஒன்லி ஆக்கிவிடலாம். பழைய கோயில் நோட்டீஸைத் திறந்து அதன் மேலேயே சேவ் செய்யும் வழக்கத்துக்கு இது ஒரு பூட்டு.

ஃபோல்டர் பெயரைத் தமிழில் வைக்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக வைக்கலாம், இரண்டு விஷயம் தெரிந்திருந்தால் சரி. லினக்ஸ் டிஸ்க்குகளின் வழக்கமான கோப்பு அமைப்பான இஎக்ஸ்டி4-இல் ஒரு பெயருக்கு 255 பைட் வரைதான். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் எடுக்கும். புள்ளியும் கால் கொம்பும் தனிக் குறியீடுகள். 'கண்ணீர் அஞ்சலி' என்பதற்கே 40 பைட். மொத்தம் 85 குறியீட்டுக்குள் அடங்க வேண்டும். மணமக்கள், பெற்றோர், ஊர் எல்லாவற்றையும் பெயரில் எழுதினால் அடங்காது. இரண்டாவது, 'பொங்கல்' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு கோப்பு. எழுத்துரு மாற்றியிலிருந்து ஒட்டிய பெயர் தேடலில் சிக்காமல் போவதற்கு இது ஒரு காரணம். அதனால்தான் தேடுவதற்கு முன்னால் ஒரு எண் இருக்கட்டும் என்கிறேன்.

அனுமதிக்கு, எல்லாரையும் சேர்த்த ஒரு பயனர் குழு போதும். டைரக்டரிக்கு 2770, அந்த 2-ஆல் உள்ளே உருவாகும் கோப்புகள் எல்லாம் அதே குழுவுக்குச் சேரும். சாம்பா இயல்பாக உருவாக்கும் கோப்பில் குழுவுக்கு எழுதும் உரிமை இருக்காது, எனவே அதன் கான்ஃபிக்கில் 'கிரியேட் மாஸ்க்' 0660, 'டைரக்டரி மாஸ்க்' 2770 என்று மாற்ற வேண்டும். இதை விட்டால், ஒருவர் போட்ட கோப்பை இன்னொருவர் திருத்த முடியாது; மறுபடி 777 ஆள் வந்து நிற்பார்.

டிஸ்க்கும் மழையும்

ரூட்டுக்கு ஐம்பது ஜிபி, மீதி எல்லாம் /எஸ்ஆர்வி. /வாரைத் தனியாகப் பிரிப்பது பெரிய சர்வர்களில் நியாயம். இங்கே பிரித்தால், ஒரு பக்கம் காலியாகக் கிடக்க இன்னொரு பக்கம் நிரம்பி வழியும் தொல்லைதான் மிஞ்சும். இஎக்ஸ்டி4 வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட் பயனருக்கு ஒதுக்கி வைக்கும். நான்கு டெராபைட்டில் அது 200 ஜிபி. கோப்பு மட்டும் வைக்கிற டிஸ்க்கில் அது வீண். 'டியூன்2எஃப்எஸ் -எம் 1' என்று குறைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கடற்கரையில் பேக்கப் என்றால் கையில் எடுத்துக்கொண்டு ஓடக்கூடியதாக இருக்க வேண்டும். 2011 டிசம்பரில் 'தானே' புயல், 2024 நவம்பர் 30-இல் 'ஃபெஞ்சல்' புயல். புயல் எச்சரிக்கை வந்த சாயங்காலம் எதை நகலெடுப்பது என்று பட்டியல் போட நேரம் இருக்காது. /எஸ்ஆர்வி, /இடிசி, நிறுவிய தொகுப்புகளின் பட்டியல் என்று மூன்றோடு முடிந்தால் ஒரு யூஎஸ்பி டிஸ்க் போதும். டேட்டாபேஸ் இருந்தால் அதன் டம்ப்பையும் (முழு நகல்) இரவுதோறும் /எஸ்ஆர்விக்குள் எடுத்து வைத்துவிடுங்கள். பழைய வருஷங்கள் மாறாதவை என்பதால் ஆர்சிங்க் அவற்றைத் தாண்டிப் போய்விடும். புதிதாக நகலாவது இந்த வருஷத்து வேலை மட்டும். இதே கோப்புகள் நான்கு டிசைனர்களின் ஹோமிலும் /எம்என்டியிலும் சிதறிக் கிடந்தால் அந்தச் சாயங்காலம் எப்படிப் போகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே /ஹோமில் எல்லாம் இருக்கிறது, இப்போது மாற்றலாமா? அவசரம் இல்லை, அடுத்த முறை டிஸ்க் மாற்றும்போது சேர்த்துச் செய்யலாம். டிசைனர்கள் பார்ப்பது சாம்பா பங்கின் பெயரை மட்டும்தான். பின்னால் பாதை எங்கே சுட்டினாலும் அவர்களுக்குத் தெரியாது. பேஜ்மேக்கரும் இன்டிசைனும் இணைத்த படங்களின் முழுப் பாதையைக் கோப்புக்குள் எழுதி வைத்திருக்கும், எனவே பங்கின் பெயரையும் விண்டோஸில் அதற்குக் கொடுத்த டிரைவ் எழுத்தையும் பங்குக்குள் இருக்கும் பழைய ஃபோல்டர் அமைப்பையும் மாற்றாதீர்கள். பழையவை பழைய பெயரிலேயே கிடக்கட்டும். பில் எண் முறையை வருகிற ஏப்ரல் ஒன்றாம் தேதி வரும் முதல் வேலையிலிருந்து தொடங்கினால் போதும்.